வாய் திறந்தால் வாத்தியம்

"இன்னும் கொஞ்சம் திறங்க... அப்படியே வச்சுக்கோங்க" என்று எச்சில் உறிஞ்சும் குழாயை நோயாளியின் கன்னத்துக்குள் மாட்டுவார் பல் கிளினிக்கின் உதவியாளர். பல் மருத்துவர் ஊசியை எடுக்கத் திரும்பியதுதான் தாமதம், உதவியாளரின் கேள்வி வந்துவிடும்: "முன்பல்லு நல்லா வரிசையா இருக்கே, கிளாரினெட் ஊதிப் பார்த்திருக்கீங்களா?" வாயில் குழாயோடு யார் மறுக்க முடியும்? "ஆ... ஆ..." என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார். கிளினிக்கிலும் சர்ச்சிலும் அவருக்குப் பெயர் பல்லக்கா.

சர்ச்சின் வாத்தியக் குழு இப்படித்தான் வளர்ந்தது. ஆறு வருஷத்துக்கு முன்பு பல்லக்காவின் புல்லாங்குழலும் அவர் கணவரின் டிரம்மும் மட்டும். இப்போது ஒன்பது பேர். டிரம்பெட் ஊதும் பேக்கரிக்காரருக்கு ஐந்து சுரத்துக்கு மேல் பிடிபடாது. "அஞ்சு வந்தாப் போதும், அஞ்சுலயே எழுதிட்டாப் போச்சு" என்று ஒவ்வொரு பாட்டையும் ஆளுக்கு அளவெடுத்து எழுதித் தருவார் பல்லக்கா.

போன மாதம் அந்த டிரம்பெட்டால்தான் வந்தது வினை. "என் வயலின் எனக்கே கேக்கல. இவரு ஊதுறாரா, ஆளை விரட்டுறாரா?" என்று தையல்காரர் வில்லை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் நழுவினார்கள்.

"பேசாம பதிவு பண்ண இசையைப் போட்டுப் பாடிடலாமேம்மா" என்றார் போதகர்.

"பதிவு தப்பே பண்ணாதுங்கய்யா. ஆனா அது ஒரு வாரம் வரலேன்னா, என்னாச்சோன்னு யாரும் வீடு தேடிப் போகமாட்டாங்களே."

சொன்னதோடு பல்லக்கா நிற்கவில்லை. மறுநாளே தையல்கடைக்குப் போனார். சண்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. புதிதாக எழுதிய தாளை மட்டும் தையல் மெஷின் மேல் வைத்தார். தொடக்கத்தில் எட்டு வரி வயலினுக்கே. டிரம்பெட் அதன் பிறகுதான்.

தையல்காரர் விரலால் தாளம் போட்டபடி படித்தார். "இந்த இடத்துல அந்த ஆளு வாயைத் தொறக்கவே மாட்டாரா?"

"மாட்டார். நான் பொறுப்பு."

ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் வந்தார். அவர் வந்ததைப் பார்த்து, முன்பு நழுவிப் போன இருவரும் வந்தார்கள். வயலின் தனியாக எழுந்தது. சபையே அசையாமல் கேட்டது. ஏழாவது வரியில், ஆர்வம் தாங்காமல், பேக்கரிக்காரர் பாம் என்று ஊதிவிட்டார்.

பல்லக்கா சட்டென்று தையல்காரரைப் பார்த்தார்.

தையல்காரர் வில்லை நிறுத்தவில்லை. "அவசரம் என்னய்யா? இன்னும் ஒரு வரி இருக்கு, என்னோடயே வா" என்றார் வாயோரமாக.

சிரிப்பு பொங்கினால் புல்லாங்குழலில் காற்று நிற்காது. பல்லக்கா குழலை மடியில் வைத்துவிட்டு, முழங்காலில் தட்டி வயலினுக்கும் டிரம்பெட்டுக்கும் தாளம் போட்டார்.