நூலகர் நீட்டிய கமர்கட்டு

கள்ளக்குறிச்சியில் எங்கள் கல்லூரி நூலகர் வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். ஆய்வேடுகளில் காப்பியடித்த பகுதிகளைக் கணினியில் கண்டுபிடிப்பது அவர் வேலை. அவர் சரி என்றால்தான் சமர்ப்பிக்க முடியும். கெட்ட செய்தி சொல்லும்முன் ஒரு கமர்கட்டு நீட்டுவார். அதை வாயில் போட்டவர்கள் எதிர்த்துப் பேச முடியாது.

வெள்ளிமலைத் தினை சாகுபடி பற்றிய என் ஆய்வேட்டைக் கொடுத்தேன். மறுநாள் எனக்கும் கமர்கட்டு வந்தது.

“மூணாவது இயல்ல காப்பி ஜாஸ்தியா இருக்குதுங்க. யாரு எழுதுனது?”

“அத மட்டும் எங்க நெறியாளர் திருத்தி எழுதிக் குடுத்தாருங்க சார்.”

அவர் என் கையிலிருந்த கமர்கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “அப்ப இது உங்குளுது இல்லிங்க.”

மாலையில் நெறியாளர் நூலகத்திலிருந்து வெளியே வந்தார். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நெறியாளரின் ஒரு கன்னம் மட்டும் உப்பியிருந்தது.