அக்கா ஊற்றிய தண்ணீர்

பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் பயராபீஸ் என்றுதான் சொல்வோம். அத்தானும் அக்காவும் ஒரே பயராபீசில் வேலை பார்த்தார்கள். அங்கே நடந்த விபத்தில் அத்தான் இறந்தபோது, இனி அக்காவை அந்த வாசலை மிதிக்க விடுவதில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். காரியம் முடிந்த கையோடு நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மறுத்துப் பேச அவளிடம் தெம்பு இல்லை.

எங்கள் கம்பெனி என்பது ஆமத்தூருக்குப் பக்கத்தில், கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. காய்ந்த பருத்திச் செடியான பருத்திமார், மக்காச்சோளத் தட்டை, கடலைத் தொலி என்று வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் முன்பெல்லாம் காட்டிலேயே தீ வைத்துவிடும் குப்பை எல்லாம் டிராக்டரில் வந்து இறங்கும். அதைத் தூளாக அரைத்து, ஈரம் போகக் காயவைத்து மெஷினில் கொட்டுவோம். பசை எதுவும் சேர்ப்பதில்லை. அழுத்துகிற அழுத்தத்திலேயே இறுகி, உருண்டைக் கட்டையாக வெளியே வரும். மில்களில் பாய்லருக்கு விறகுக்குப் பதில் அதைத்தான் எரிக்கிறார்கள். மெஷினை விட்டு வரும்போது கட்டை கொதிக்கக் கொதிக்க வரும். மேலெல்லாம் புகையும். நீளமான இரும்புத் தடத்தில் ஊர்ந்து ஊர்ந்து ஆறும். சரியாக இறுகிய கட்டை புகையத்தான் செய்யும்.

வந்த புதிதில் அக்காவைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு வருவாள். பருத்திமார்ச் சில்லு குத்தி ரத்தம் வரும். முதல் நாள் காலையில் போனை வாட்ச்மேனிடம் நீட்டினாள். அவர் எதற்கென்று புரியாமல் விழித்தார். பயராபீசில் செருப்பும் போனும் கேட்டைத் தாண்டக் கூடாது. பயராபீசில் அறைக்குள் போகும் முன் வாசலில் உள்ள செப்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் கரண்டு இருந்தால் அதில் இறங்கிவிடும். எங்கள் கொட்டகை வாசலிலும் அவள் கை அந்தத் தகட்டைத் தேடியது. சாக்கைத் தரையில் இழுக்கவே மாட்டாள். "இது வெடிக்காது தாயி, வெறும் கடலைத் தொலி" என்று மேஸ்திரி கிண்டல் செய்தார். அவள் எங்கிருந்தோ ஒரு வாளி கொண்டுவந்து, நிறையத் தண்ணீர் பிடித்து, தான் கட்டை அடுக்கும் இடத்தில் வைத்துக்கொண்டாள். பயராபீசில் வாசலுக்கு வாசல் வாளி இருக்கும். சரி, பழக்கம், போகப் போக விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

மழை ஓய்ந்த ஒரு மதியம். காற்று கொஞ்சமும் இல்லை. அதனால் புகை மேலே போகாமல் அடுக்கைச் சுற்றியே நின்றிருக்கிறது. நான் பின்பக்கம் தூள் அள்ளிக்கொண்டிருந்தேன். ஆட்கள் கத்தும் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது, அக்கா தண்ணீர் டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு அடுக்கின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பட்டால் கட்டை தாங்காது. டீயில் விழுந்த ரஸ்க் மாதிரி ஊதிப் பிளந்து, மறுபடியும் தூளாகிவிடும். அன்றைக்கு ஏற்ற வேண்டிய லோடு முழுக்கச் சேறாகிக் கிடந்தது. அக்கா காலி வாளியோடு நின்றாள். புகை நின்றுவிட்டதால் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அத்தான் போன பிறகு அந்த முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

முதலாளி கத்துவார், வேலையை விட்டு நிறுத்துவார் என்று பயந்தேன். அவர் கத்தவில்லை. "இது புகையத்தாம்மா செய்யும். பாத்துக்கிட்டு சும்மா நின்னா போதும்" என்று பொறுமையாகவே சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் பொரிந்து தள்ளினேன். "இருக்கன்குடி மாரியாத்தாவுக்கு அக்கினிச்சட்டி எடுத்தவதானக்கா நீ. தீயக் கையில ஏந்திக்கிட்டு நடந்த. இந்தப் புகைக்கா பயப்படுறே?"

"அது கண்ணுக்குத் தெரியிற தீ" என்றாள். "ஒங்க அத்தான் இருந்த அறையில மொதல்ல நூலு மாதிரிதான்டி புகை வந்துச்சு. எதுத்த அறையில இருந்து நாந்தான் பாத்தேன். தூசியா, புகையான்னு பாத்துக்கிட்டே நின்னேன். வாயத் தொறக்குமுன்ன முடிஞ்சு போச்சு. இங்கன தெனமும் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீக. என்னால ஆகாது."

இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தீபாவளி சீசன் ஆர்டர் தொடங்கியதும் அக்கா வேறொரு பயராபீசில் சேர்ந்துவிட்டாள். "அங்கன புகையே இருக்காதுடி. எனக்கு அது போதும்" என்றாள். சாகவா போகிறாய் என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன், காலில்கூட விழுந்தேன். என் கண் முன்னால்தான் டிபன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள். எல்லோரும் பயந்து வெளியே ஓடிவரும் இடத்துக்கு இவள் பயந்து ஓடுகிறாளே என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அவள் வாளி எங்கள் கொட்டகையிலேயே கிடக்கிறது.

அவள் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். மெஷின் ஓடாத நேரத்தில் சிவகாசிப் பக்கமிருந்து சில நாள் தொம்மென்று ஒரு சத்தம் வரும். கல்குவாரி வெடியாகத்தான் இருக்கும் என்பார்கள். நான் அக்காவுக்குப் போன் அடிப்பேன். அவள் போன் அந்தப் பயராபீஸ் கேட்டில், வாட்ச்மேன் பெட்டிக்குள் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடிப்பேன். மணி போகும், எடுக்க ஆள் இருக்காது. சாயங்காலம் வேலை விட்டதும் அவளே கூப்பிடுவாள்.

"என்னட்டி, இம்புட்டுத் தடவ அடிச்சிருக்க?"

"சும்மாதான்க்கா."

அந்தக் குரல் வரும்வரை, புகைந்துகொண்டு வரும் கட்டைகளைப் பார்த்துக்கொண்டு நான் நிற்க வேண்டும்.