மஞ்சள் துணி கட்டிய கொடி

வண்டியூர்த் தெப்பக்குளத்தின் நடுத்திட்டில், மண்டபச் சுவரோரம் தரையோடு படரும் பயற்றங்கொடி ஒன்று இருந்தது. கல்லூரியில் தாவரவியல் நடத்திய நான், குளக்கரையெல்லாம் தேடினேன். கொட்டாம்பட்டி வரை போயும் தேடினேன். அந்தத் திட்டைத் தவிர வேறெங்கும் அது இல்லை. இன்ன இனம் என்று சொல்ல முற்றிய காய் வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய தை மாதத்தில்தான் முதல்முறையாகப் பிஞ்சு விட்டிருந்தது.

தெப்பத் திருவிழாவுக்காகத் திட்டில் புல் செதுக்கிக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம், அந்தக் கொடியை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

"கவலப்படாதீங்க சார், ஒரு பய கை வைக்காமப் பாத்துக்கிறேன்" என்றவர், அடையாளத்துக்காக அதன் பக்கத்தில் குச்சி நட்டு மஞ்சள் துணியைக் கட்டினார்.

மஞ்சள் துணியைக் கண்டால் நம் ஜனங்கள் சும்மா போவார்களா? திருவிழாவன்று படகில் வந்த ஒருவன் கும்பிட்டான். அவனைப் பார்த்து ஒருத்தி குங்குமம் வைத்தாள். பிறகு ஆளாளுக்குக் கிள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் போனபோது குச்சியும் துணியும்தான் மிச்சம். களையென்று செதுக்கியிருந்தால்கூட வேராவது தப்பியிருக்கும். கும்பிட்டவர்கள் அதையும் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"திட்டுல சாமி மூலிகையாம். அம்புட்டுக் கூட்டத்துல இடிபட்டு உங்களுக்குத்தான் கொண்டாந்தேன். நீங்க தேடுற கொடி கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

உள்ளே நசுங்கிய பிஞ்சுக்காய் ஒன்று கிடந்தது.

"வாயில போட்டுக்கங்க" என்றாள்.

போட்டு மென்றேன். கசந்தது.