நொண்டி மாடு தந்த வேகம்

போன வாரம் தபால் பையோடு போடிமெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். குதிகாலில் முள். தத்தித் தத்தித்தான் நடை. பாதி மலையில், கீழேயிருந்து ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். முத்தையா... புதிதாகக் கல்யாணமான ஆள்.

"அண்ணே, தெனமும் உங்கள அடிவாரத்து ஓடையிலதான் பாப்பேன். இன்னைக்குப் பாதி மலையிலயே பாத்துட்டேன். வெரசா ஓட ஆரம்பிச்சுட்டேன்ல?"

முள்ளைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. சிரிப்பைத்தான் அடக்க முடியவில்லை. ஏன் என்கிறீர்களா?

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். தூத்துக்குடியில் உப்பு வாரினேன். கொழும்பில் மூட்டை தூக்கினேன். காய்ச்சல் கண்டதும் கப்பலேற்றிவிட்டார்கள். போடிக்கு வந்தபோது ஒரு வேளைக் கஞ்சிக்கும் வழியில்லை. மலைமேல் ஏல எஸ்டேட்டுகளுக்குத் தபால் சுமக்க ரன்னர் வேண்டும் என்றார்கள். சோதனை ஒன்றுதான் — விடியும்போது அடிவாரத்தில் கிளம்பி, எஸ்டேட்டில் எட்டு மணி அடிப்பதற்குள் மலையுச்சியில் இருக்கும் மெட்டை எட்ட வேண்டும். பழகிக்கொள்ள ஒரு மாதம்.

முதல் நாள் முதல் வளைவிலேயே வாந்தி. விடவில்லை. தினமும் ஓடினேன். வேகம் கூடுகிறதா என்று பார்க்க என்னிடம் கடிகாரம் ஏது? ஆனால் காலைதோறும் பொதிமாடுகள் ஏலக்காய் மூட்டைகளோடு மேலேயிருந்து இறங்கும். அவற்றை நான் எந்த இடத்தில் சந்திக்கிறேனோ, அதுதான் என் கடிகாரம்! முதல் வாரம் ஓடைக்கரை. அடுத்த வாரம் புளியமரம். நான்காம் வாரம் பாதி மலை! மாடுகள் வருவதற்குள் இவ்வளவு உயரம் ஏறிவிட்டேனே... சந்தையில் நாலு பேருக்கு வேட்டியை மடித்துத் தொடையைக்கூடக் காட்டினேன்.

சோதனை நாள். மெட்டில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் கடிகாரமும் கையுமாக நின்றார்.

"ஏய்யா, ஓடி வந்தியா, இல்ல வழியில காதுகுத்துக்குப் போயிட்டு வந்தியா? மணி அடிச்சு எம்புட்டு நேரமாச்சு!"

இறங்கும்போது மாட்டுக்கார ராக்கப்பனிடம் புலம்பினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"முன்மாட்டுக்குக் குளம்புல புண்ணு மாப்ளே. நாளுக்கு நாள் தாமசமாத்தான் எறங்குது."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீ நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போனது பாக்க நல்லாருந்துச்சு."

ஊரில் பாதிப் பேரின் முன்னேற்றம் இப்படித்தானே? பக்கத்துக் காட்டுக்காரன் கிணறு வற்றினால் நம் வெள்ளாமை தானாகச் செழித்துவிடுகிறது!

வேறு எவனும் வேலைக்கு வராததால் இன்னொரு மாதம் கிடைத்தது. இம்முறை மாட்டைப் பார்க்கவில்லை. ஏறும்போது எத்தனை தடவை நின்று மூச்சு வாங்கினேன் என்று மட்டும் எண்ணினேன். முதலில் இருபது. பத்து நாளில் பதினாறு. அப்புறம் பன்னிரண்டு... மாதக் கடைசியில் மூன்று. மணியடிக்கிறவன் கையை ஓங்கும்போது மெட்டில் நின்றேன். வேலை எனக்கு.

அந்த நினைப்போடு, போன வாரம் பாதி மலையில் எதிரே நின்ற முத்தையாவிடம் கேட்டேன், "எதுக்குப்பா இந்த ஓட்டம்?"

"ரைட்டரய்யா சொன்னாரு, உங்களுக்கு வயசாகுதாம். உங்க சோலிய நான் பாக்கலாமேன்னு..."

அப்படியா சங்கதி?

"அருமையா ஓடுற தம்பி! இதே மாதிரி ஓடு" என்றேன்.

அன்று மாலையே ஊசியை எடுத்து முள்ளை நீக்கிவிட்டேன். மறுநாளிலிருந்து அவன் ஓட்டம் படுமோசம், பாவம்.