மடிந்து நின்ற காவல்காரர்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் அலோர் ஸ்டார் ஊரின் ஜப்பானியக் கவர்னர் பங்களாவுக்குக் காய்கறி கொண்டுபோவது என் வேலை. வாசலில் தமிழர் ஒருவர் காவல் நின்றார். ஒட்டடைக்குச்சி உடம்பு, அதற்குச் சற்றும் பொருந்தாத பெரிய மீசை, சாக்குத்துணியில் தைத்த கால்சட்டை.

ஜப்பானியரைக் கண்டால் எல்லோரும் குனிந்தாக வேண்டும். தவறினால் அறை விழும். அறைக்குத் தப்பும் அளவுக்கு நாங்கள் குனிவோம். அவரோ கவர்னர் கார் வந்தால் இரண்டாக மடிந்துவிடுவார். 'காக்கா பிடிக்கிறான்' என்று கடைத்தெருவே ஏசியது.

ஊரே அரிசிக்கு அலைந்தபோது அந்தப் பங்களாவுக்கு மட்டும் அரிசியும் சீனியும் லாரியில் வந்து இறங்கின. அனுப்பிய வியாபாரிகளுக்கு லைசென்ஸ் கிடைத்தது. விஷயம் மேலிடத்துக்கு எட்டி, ஒருநாள் காலையில் ராணுவ போலீஸ் கவர்னரை அதே லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. அப்போதும் இவர் மடிந்தே நின்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "ஆளுக்குப் பதவியே போச்சு. இன்னும் என்னாண்ணே கும்பிடு?"

நிமிர்ந்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது; மீசை துடித்தது.

"குனிஞ்சாத்தானே தம்பி, சிரிக்கிறது அவனுக்குத் தெரியாது. நிமிந்து நின்னு சிரிச்சா அறைவான் லா."

அடுத்த வாரம் புதுக் கவர்னர் வந்தார். காரைவிட்டு இறங்கியதுமே, இனி இங்கே லஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று மொழிபெயர்ப்பாளரை வைத்து முழங்கினார்.

காவல்காரரின் மீசை முழங்காலைத் தொட்டது. கூடையைக் கீழே வைத்துவிட்டு, அன்று நானும் இரண்டாக மடிந்தேன்.