பின்னால் யாரும் நிற்க வேண்டாம்

இது எனக்கு நடந்தது. நடுராத்திரி, பாழடைந்த பங்களா, நாய் ஊளை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே பக்கத்தை மூடிவிடலாம். இங்கே பங்களா இல்லை. படகு ஏற்றும் டிரெய்லர் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். நேரம் மாலை ஆறேகால். பக்கத்து வீட்டில் யாரோ பல்லாரி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில்தான் நடந்தது.

நேரங்களை நான் ஊகித்து எழுதவில்லை. பதினெட்டு நிமிடம் பெரும்பாலும் காருக்குள் இருந்த கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு எங்கும் அதிகம் பார்க்கத் தைரியம் வரவில்லை.

முதலில் என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவில் அவரைக் 'கேப்டன்' என்பார்கள். அந்தப் பட்டத்தை அவருக்கு அவரே கொடுத்துக்கொண்டார். கேப்டனுக்கு நீச்சல் தெரியாது. குளியலறையில் வாளி நிரம்பி வழிந்தால்கூடச் சித்தியைத்தான் கூப்பிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு வயதானவரிடமிருந்து பழைய படகையும், அதை ஏற்றிச் செல்லும் இரண்டு சக்கர டிரெய்லரையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தொள்ளாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஓர் ஏரி. காரின் பின்னால் படகை இழுத்துக்கொண்டு இரண்டு நாள் பயணம். அவர், சித்தி, என் தங்கை மூன்று பேரும் போவதாகத் திட்டம்.

தங்கைக்கு ஆறு வயது. வீட்டில் அவளை 'வாலு' என்றுதான் கூப்பிடுவோம். அம்மா வெளியூரில் வேலை பார்ப்பதால் நாங்கள் இருவரும் சித்தப்பா வீட்டில் இருக்கிறோம். எனக்குப் பயணத்தில் இடம் இல்லை. பின் சீட்டில் எனக்கான இடத்தில் கேப்டனின் மடக்கு நாற்காலி உட்காரப்போகிறது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வாலுவைப் பற்றித்தான் கவலை. ஒரு டன் எடையை ஒழுங்காகக் கட்டாமல் இழுத்துக்கொண்டு கேப்டன் ஓட்டப்போகும் காரில் அவள் உட்காரப்போகிறாள்.

அதனால் ஒரு வாரம் டிரெய்லரை நான்தான் தயார் செய்தேன். கேப்டனும் தயார் செய்தார். ஒரு தொப்பி வாங்கினார். கறுப்புக் கண்ணாடி வாங்கினார். படகின் பக்கத்தில் தன் பெயரை ஒட்டினார், அதுவும் கோணலாக.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருடமாகிறது. டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேன், வாய் திறக்காது. அது இங்கே முக்கியமில்லை. கை வேலை செய்யும் என்று சொல்ல வந்தேன். ஜாக்கி போட்டுச் சக்கரங்களைக் கழற்றினேன். பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தி அழுத்தி நிரப்பினேன். ஸ்டெப்னியில் காற்றுப் பார்த்தேன். படகைக் கட்டும் பெல்ட்டுகளில் நைந்து போனதை மாற்றச் சொன்னேன். சித்தியிடம் சொன்னேன், அவர் கேப்டனிடம் சொன்னார்.

"இவ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்!" என்றார் கேப்டன். மறுநாள் வாங்கி வந்துவிட்டு, "பெல்ட்டெல்லாம் நானே செக் பண்ணிட்டேன்" என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் எனக்கு யார் கற்றுக் கொடுத்தது? ஒரு தாள். டிரெய்லரை விற்றவர் அதைக் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று வரிசையாக இருந்தது. கேப்டன் அதைக் கசக்கி எறிந்தார். நான் எடுத்து நீவி, என் நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். முதல் வரியில் ஒரே வார்த்தை மூன்று முறை எழுதியிருந்தது. "சக்கரத்துக்குக் கட்டை. கட்டை. கட்டை."

கடைசி வரி: "விளக்கு பார்க்கும்போது பின்னால் யாரும் நிற்க வேண்டாம்."

கேப்டன் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பின்னாடி ஆள் இல்லாம லைட் எரியுதான்னு எப்படிப் பாக்கறது? அந்தாளுக்கு மறை கழண்டுடுச்சு."

டிரெய்லர் விளக்கைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும் என்பது உண்மைதான். ஒருவர் காரில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். இன்னொருவர் பின்னால் நின்று, "எரியுது" என்றோ "எரியல" என்றோ கத்த வேண்டும். இருட்டத் தொடங்கும் நேரத்தில் பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை என்று முடிவானது.

எங்கள் முற்றம் தெருவிலிருந்து உள்நோக்கிச் சரிவாக இறங்கும். காரின் மூக்கு மேலே தெருவைப் பார்த்து நின்றது. காருக்குப் பின்னால் டிரெய்லர். டிரெய்லருக்குப் பின்னால் நான்கடி இடம். அப்புறம் கொட்டகையின் செங்கல் சுவர். அங்கேதான் வீட்டின் பின்கதவும் இருக்கிறது.

சக்கரங்களுக்கு அடியில் நான் இரண்டு மரக்கட்டைகள் வைத்திருந்தேன். ஆறு மணிக்குக் கேப்டன் தொப்பி போட்டுக்கொண்டு படகின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கட்டைகள் போட்டோவில் அசிங்கமாக விழுகின்றனவாம். எடுத்துப் பின்னால் வீசிவிட்டார். இது எனக்கு அப்போது தெரியாது. காரின் ஹேண்ட் பிரேக் பல மாதமாகப் பிடிப்பதில்லை என்பதும் தெரியாது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

"உக்காரு. வலது பக்கம் இருக்கறது வேணாம், நடுவுல இருக்கறத மிதி. நான் பின்னாடி நின்னு சொல்றேன். டிரெய்லர் லைட் பிளக்கெல்லாம் கார்ல மாட்டிட்டேன்."

நான் மிதித்ததும், கியரில் நின்ற காரை நியூட்ரலில் தள்ளி, இன்ஜினைப் போட்டுவிட்டு, கேப்டன் பின்பக்கம் நடந்தார்.

மணி 6:15.

மிதித்தபடியே இருந்தேன். உள்கண்ணாடியில் படகின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"எரியுது."

பெண் குரல். எனக்கு ஆச்சரியமே இல்லை. எந்த வேலையையும் பாதியில் சித்தி தலையில் கட்டிவிட்டுப் போவதுதானே கேப்டன் வழக்கம்?

பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இடது இன்டிகேட்டரைப் போட்டேன்.

"எரியுது."

வலது.

"எரியுது."

ஒரே மாதிரி. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சித்தி ஒரு வார்த்தை பேசினால் நான்கு திட்டு சேர்ந்து வரும். இன்று என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். கொட்டகைச் சுவர் சிவப்பாகத் தெரிந்தது. அந்தச் சிவப்பில் ஒரு நிழல். கொண்டை போட்ட தலை, ஒல்லியான தோள். சித்திக்குக் குட்டை முடி.

வெளிச்சம் அப்படிக் காட்டுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

6:19. வேலை முடிந்தது, இறங்கலாம் என்று காலைத் தளர்த்தினேன்.

"ஏங்க... காலை எடுக்காதீங்க."

மறுபடி அழுத்தினேன். பழக்கம். யார் சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

அப்புறம்தான் உறைத்தது. இந்த வீட்டில் எனக்கு மரியாதை கொடுத்து யார் பேசியிருக்கிறார்கள்? நான் 'ஏய்'. நான் 'இவ'.

6:24. எனக்கு எதிரே தெருக்கதவு திறந்தது.

கையில் பையோடு உள்ளே வந்தார்... சித்தி.

சித்தி கார் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார்.

"என்னடி இது, டிரைவர் வேலையா? அவரு எங்க?"

"சித்தி... நீங்க பின்னாடி இல்லையா?"

"நான் இப்பதானே கடையிலேர்ந்து வர்றேன்? கண்ணு எங்க வெச்சிருக்க?"

"அப்ப பின்னாடி..."

அப்போதுதான் அது மறுபடி கேட்டது. சித்தி என் முகத்துக்கு எதிரே நிற்கும்போதே.

"ஏங்க... காலை எடுக்காதீங்க."

சித்திக்குக் கேட்கவில்லை. "பேயறைஞ்ச மாதிரி முழிக்காத" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

6:26. வலது கால் மரத்துப்போனது.

6:28. இடது காலையும் தூக்கி அதன் மேல் வைத்து அழுத்தினேன்.

பக்கக் கண்ணாடியை மறுபடி பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

நிழல் இன்னும் நின்றது. கைகள் இரண்டையும் முன்னால் நீட்டி... எதையோ தள்ளிப் பிடிப்பது போல.

இன்ஜின் சத்தம். என் மூச்சு. வேறு ஒன்றும் இல்லை.

6:31. வாசல் பக்கமாகக் கேப்டன் வந்தார். ஒரு கையில் காபி, ஒரு கையில் போன். பின்னால் சித்தி.

"நாப்பது பேர் லைக் போட்டிருக்கான்!" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னுமா மிதிச்சிட்டு இருக்க? எறங்கு."

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

"எறங்குன்னு சொல்றேன்ல?"

"பின்னாடி பாருங்க."

"என்ன பின்னாடி?"

"யாரோ இருக்காங்க. பாருங்க!"

நான் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேப்டன் சிரித்தார். காபியைக் காரின் மேல் வைத்தார். கதவைத் திறந்தார். என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏங்க..."

மூன்றாவது தடவை. இப்போது மிக அருகில். என் சீட்டுக்குப் பின்னால்.

"...காலை எடுக்காதீங்க."

ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டேன். சித்திதான் ஏதோ தோன்றிப் பின்பக்கம் ஓடினார்.

சித்தி அலறினார்.

டிரெய்லருக்கும் சுவருக்கும் நடுவே, அந்த நான்கடி இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து வாலு உட்கார்ந்திருந்தாள். கேப்டன் வீசிய இரண்டு கட்டைகளையும் வைத்து வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

சித்தி அவளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

6:33. கேப்டன் இன்னொரு முறை இழுத்தார். என் கால் நழுவியது.

கார் பின்னால் போனது. காபி டம்ளர் உருண்டது. டிரெய்லரோடு படகு சரிவில் இறங்கி, அதன் மோட்டார் சுவரை உடைத்துக்கொண்டு கொட்டகைக்குள் புகுந்தது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஓட்டை. வாலுவின் தலை இருந்த உயரம்.

அந்த இடிபாட்டில் டிரெய்லரின் வயரைப் பார்த்தேன். பிளக் மாட்டப்படவே இல்லை. கழுவும்போது தண்ணீர் போகாமலிருக்க நான் ஒட்டிய டேப் அதன் வாயில் அப்படியே இருந்தது. அந்த விளக்குகள் எரிந்திருக்க வழியே இல்லை.

பயணம் நின்றுபோனது. அன்று ராத்திரிக்குள் தெரு முழுக்க ஒரு கதை பரவியது. வண்டி உருளப்போவதைக் கேப்டன் கடைசி நொடியில் பார்த்துப் பாய்ந்து குழந்தையைக் காப்பாற்றினாராம். கேட்டவர்கள் அவருக்குக் கை கொடுத்தார்கள். அவரும் கொடுத்தார், தொப்பியைக்கூடக் கழற்றாமல்.

படுக்கும்போது வாலு என்னிடம் கேட்டாள். "அக்கா, அந்த ஆன்ட்டி யாரு?"

"எந்த ஆன்ட்டி?"

"எரியுது எரியுதுன்னு சொன்னாங்களே. எனக்கும் வண்டிக்கும் நடுவுல நின்னாங்க. கொஞ்சம் தள்ளுங்கன்னு சொன்னேன். தள்ளவே இல்ல."

மறுநாள் காலை 10:15. வீட்டில் யாரும் இல்லை. தாளின் பின்பக்கத்தில் ஒரு போன் நம்பர் இருந்தது. நான் யாருக்கும் போன் செய்ததே இல்லை. செய்தேன். விற்றவர்தான் எடுத்தார். டிரெய்லர் வாங்கிய வீடு என்றேன். விளக்கு பார்த்தோம் என்றேன்.

"பின்னாடி யாரு நின்னா?" என்றார்.

"யாரும் இல்லங்க. ஆனா... ஒரு குரல் வந்துச்சு."

அவர் உடனே கேட்டார்.

"என்ன சொன்னா?"

'யார் சொன்னது' என்று அவர் கேட்கவில்லை.

"காலை எடுக்காதீங்கன்னு."

"எத்தன தடவ?"

"மூணு."

"ஆமா. மூணு தடவதான்." மூச்சு விட்டார். "நாலு வருஷம் ஆச்சும்மா. கட்டை வெக்கல. லைட் பாக்க என் வீட்டுக்காரிதான் பின்னாடி நின்னா. வண்டி நகர்றத அவதான் மொதல்ல பாத்தா."

கேட்கக் கூடாதென்றுதான் நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

"உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சும்மா... மூணு தடவையும் கேட்டுச்சு. எப்பவும் ஏதாவது சொல்லிட்டேதானே இருப்பான்னு காலை எடுத்துட்டேன்."

நான் போனை வைத்துவிட்டேன்.