எட்டுச் சட்டை போட்ட ஒரே ஆள்

சித்தி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் இருமிக் காட்டுவார்கள். அவருக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். ஸ்கேன் படங்களைச் சேர்த்து வைக்கிற கம்ப்யூட்டர் ஒன்றுதான் அவருடைய நோயாளி.

அந்தப் படங்கள் உட்காருவது ஒரு டிஸ்க் பெட்டியில். பீரோ உயரம், குளிர் அறை, உள்ளே போனால் ஸ்வெட்டர் வேண்டும். அந்தப் பெட்டி சித்தப்பா பொறுப்பு. உள்ளே இருக்கும் டிஸ்குகளை ஆறு ஆறாகச் சேர்த்து ஒவ்வொரு குரூப்பாகப் பிரித்திருக்கிறார். கேட்பவர்களுக்கு அதிலிருந்து துண்டு வெட்டித் தருவார். தன் பல்லைப் பிடுங்கித் தருகிற மாதிரிதான் தருவார். அந்தத் துண்டுக்கும் ஆபீஸில் டிஸ்க் என்றுதான் பெயர். வாங்கிய துண்டுகளை ஒன்றாகக் கோத்து ஒரே பெரிய இடமாக்குவது சித்தியின் வேலை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆனாலும், ஆபீஸில் அவர்களுக்கு நடுவே மூன்று கையெழுத்து வேண்டிய ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கிறது.

படம் திறக்கப் பன்னிரண்டு விநாடி ஆகிறது என்று பெரிய டாக்டர் மீட்டிங்கில் கத்தினார். சித்தப்பா எழுந்து, "என் டிஸ்க் நல்லாத்தான் இருக்கு சார். அதுல என்ன பண்றாங்கன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து சித்தி அவரிடம் பேசவில்லை. வீட்டுக்குள் சேதி எல்லாம் என் வழியாகத்தான் போகும். பத்தாவதைப் பாதியில் விட்டு அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

"உங்க சித்தப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீரப் போகுது."

நான் போய், "சித்தப்பா, சித்தி உங்களை நினைச்சு ரொம்ப ஏங்குறாங்களாம்" என்றேன்.

"கேஸ் தீரப் போகுதா?" என்றார். மனுஷனை ஏமாற்ற முடியாது.

மீட்டிங்கின் முடிவு இது: அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பெரிய டாக்டரே உட்கார்ந்து பார்ப்பார். ஐந்து விநாடிக்குள் படம் வராவிட்டால் வேலை வெளிக் கம்பெனிக்குப் போய்விடும். சித்தி தரைத்தளத்துக்கு இறங்கி, பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவ வேண்டியதுதான். அந்தக் குளிர் அறை வேலைக்காக ஒன்பது வருஷம் முன்னால் மூன்று பரீட்சை எழுதியவர் அவர். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு படித்தாராம். இதை அவர் சொன்னதில்லை, புத்தகத்தில் இருக்கும் பால் கறை சொன்னது.

சித்தி போட்ட திட்டம் நல்ல திட்டம். படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, சீட்டுப் பிரிப்பது போல எட்டு டிஸ்குக்கும் வரிசையாகப் போட்டுக்கொண்டே போவது. கேட்கும்போது எட்டும் ஒரே நேரத்தில் தன் பங்கைக் கொண்டுவரும். எட்டுப் பேர் சேர்ந்து ஒரு மூட்டை வெங்காயம் உரிக்கிற மாதிரி. படிவத்தில் 'எட்டு டிஸ்க் தேவை' என்று எழுதினார். எட்டு வந்தது. கோத்தார். சோதித்தார்.

பத்தொன்பது விநாடி.

"முன்னாடி இருந்ததைவிட மோசமா?" என்றேன். சித்தி என்னைப் பார்த்த பார்வையில் டீ ஆறிவிட்டது.

இரண்டு நாள் படத் துண்டின் அளவை மாற்றினார். சிறிசாக்கினார், பெரிசாக்கினார். கேபிளைச் சந்தேகப்பட்டார், ஸ்விட்சைச் சந்தேகப்பட்டார். கடைசியில் தன் படிப்பையே சந்தேகப்பட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

புதன் மதியம் வேறு வழியில் பார்த்தாராம். ஒரு டிஸ்கை மட்டும் படிக்கவிட்டால் குதிரையாக ஓடியது. இரண்டைச் சேர்த்து ஓடவிட்டதும் இரண்டும் பாதி வேகத்துக்கு விழுந்தன. மூன்றாவதைச் சேர்த்தபோது மூன்றும் நொண்டின. அப்போதுதான் புரிந்திருக்கிறது. எட்டும் ஒரே குரூப்பில் வெட்டிய துண்டுகள். பெயர்தான் எட்டு. அடியில் அதே ஆறு டிஸ்க், எட்டு இடத்துக்கும் மாறி மாறி ஓடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் என்று நம்பியிருந்தோம், வந்தது எட்டுச் சட்டை போட்ட ஒரே ஆள்.

புதுப் படிவம் கொடுத்தால் மூன்று கையெழுத்துக்கு மூன்று நாள் ஆகும். வெள்ளிக்கு இருந்தது ஒன்றரை நாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த சித்தப்பா காலில் இன்னும் சாக்ஸ் இருந்தது.

"உங்க சித்தப்பாகிட்ட கேளு, எட்டும் ஒரே குரூப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "உங்க சித்திகிட்ட சொல்லு, படிவத்துல எட்டுன்னு இருந்துச்சு, எட்டு குடுத்தேன். எங்கேருந்துன்னு எழுதல" என்றார்.

"ஏங்க, அதையும் எழுதணுமா! எட்டு எதுக்குக் கேப்பாங்க? ஊறுகாய் போடவா?"

"ஒரே குரூப்ல குடுத்தா எனக்குக் கணக்கு வச்சுக்க சுலபம்."

"உங்களுக்குச் சுலபம்! நான் பிரிண்டருக்குப் போறேன்!"

என் உத்தியோகம் அந்த நிமிஷமே போயிற்று. எனக்கு வருத்தமே இல்லை. ஒரு சாக்ஸைக் கழற்றிய சித்தப்பா அதைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"பிரிண்டருக்கா? அப்படின்னு யார் சொன்னா?"

"மீட்டிங்ல நீங்க உக்காந்ததுக்கு அப்புறம் சொன்னாங்க. உங்க காதுல எங்க விழுந்துச்சு."

"நாலு தர்றேன்" என்றார் மெதுவாக. "நாலும் வேற வேற குரூப். அக்கவுண்ட்ஸுக்குன்னு எடுத்து வச்சது. அவங்க கேட்டா நான் பேசிக்கறேன். எட்டு மட்டும் கேக்காதே."

"நாலு வேற ஆளுன்னா போதும்."

கழற்றின சாக்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினார். சித்தியும் ஸ்வெட்டரோடு பின்னால் போனார். கையெழுத்து மூன்றையும் சித்தப்பா ஆள் ஆளாகத் தேடிப்போய் வாங்கினாராம். ஒன்று முடிவெட்டும் கடையில், பாதி முடியோடு கிடைத்தது. பழைய இடத்திலிருந்து புது இடத்துக்குப் படங்கள் நகலாகப் பதினோரு மணி நேரம். வியாழன் பூராவும் சித்தி ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தார். ஒரு படம்கூடக் குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான் பழைய இடத்தை விட்டுக்கொடுத்தார்.

வெள்ளி காலை பெரிய டாக்டர் காபியோடு வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு விநாடியில் ஒரு வாய் குடிப்பது அவர் வழக்கம். பட்டனைத் தட்டிவிட்டுக் கோப்பையை எடுத்தார். உதட்டுக்குப் போகுமுன் திரையில் யாருடைய நுரையீரலோ வந்து நின்றது.

"நான் இன்னும் கண்ணாடியே போடலையே" என்று எரிந்து விழுந்தார்.

நான்கு விநாடி. தொடர்ந்து முப்பது படம் திறந்தார். காபி அப்படியே இருந்தது. பாராட்டு ஒன்றும் வரவில்லை. மவுஸ் கொஞ்சம் கனமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். வெளிக் கம்பெனியின் கடிதத்தை ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் ஃபைலின் அடியில் செருகினார். சித்தப்பா எழுந்து, "டிஸ்கைத் தப்பா வெட்டினது நான் சார். சரி பண்ணது அவங்க" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாராம்.

சித்தி நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, சோபாவில் சாய்ந்தவர் செருப்போடு தூங்கிப்போனார். பின்னாலேயே வந்த சித்தப்பா மண்டியிட்டு ஒவ்வொரு செருப்பாகக் கழற்றினார். வார் கொக்கி சத்தம் போடாமல் இருக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "டிவி போட்டே, தொலைச்சுடுவேன்" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

போடவில்லை. மேட்ச் இருந்தது, இருந்தும் போடவில்லை.